பூட்டனுக்கு மேலே யார்? வன்னியில் பரம்பரை தேடுவது எப்படி

குளக்கட்டான்:

வணக்கம். ஒரு வெட்கக்கேட்டில்தான் இந்தக் கேள்வி தொடங்குகிறது.

அண்ணையின் மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறான். கலியாணமும் அங்கேயே கட்டினான், போன மாதம் மகள் பிறந்தாள். மருமகள் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக் குடும்பத்துப் பிள்ளை. (ஓட்ஸ் டின்னில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிப்பாரே, அந்த ஆளின் பரம்பரை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அந்தக் கம்பனிக்கும் இந்தச் சபைக்கும் சம்பந்தமே இல்லையாம், பெயரை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.) குழந்தைக்காக அவள் ஒரு பெரிய மட்டையில் குடும்ப மரம் வரைகிறாள். தன் பக்கம் பதினொரு தலைமுறை, 1690 வரைக்கும். சபைக் கூட்டக் குறிப்பு, அடக்கம் செய்த பதிவு, காணி உறுதி, இந்த மூன்றையும் வைத்துப் பிடித்தாளாம். எங்கள் பக்கத்தில் நான்கு பெட்டி, அதற்கு மேலே வெறும் மட்டை. போனவாரம் வீடியோவில் அந்த மட்டையைத் தூக்கிக் காட்டி, "சித்தப்பா, உங்கட பக்கம்?" என்று மழலைத் தமிழில் கேட்டாள். நான் கரண்ட் போகப்போகிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். அப்பா, அப்பப்பா, பூட்டன். பூட்டனின் பெயர் மட்டும் தெரியும், அதுவும் எங்கள் ஊரில் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். அவர் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வயல் செய்ய வந்து வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் தங்கிவிட்டார் என்பது கதை. அப்பாச்சி மடுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், கலியாணத்தோடு சைவமாகிவிட்டார். 2009 இல் றங்குப்பெட்டியைப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினோம். மிஞ்சியது அம்மா பால்மா டின்னுக்குள் பொலித்தீன் சுற்றிக் கொண்டு திரிந்த பெர்மிட் ஒன்றுதான். ஓர் அலுவலகத்தில் இடப்பெயர்வோடு எல்லாம் போய்விட்டது என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் தரம் கதிரையில் வேறொருவர் இருந்தார், அவர் அலுமாரியைத் திறந்தாவது பார்த்தார்.

எங்கிருந்து தொடங்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தோம்புக்காரன்:

தம்பி, நான் முப்பது வருடம் ஒரு நொத்தாரிசிடம் எழுத்து வேலை செய்தவன். பிறப்புச் சான்றிதழைப் பிறகு பார்க்கலாம், முதலில் காணியைப் பிடியும். பிறந்ததையும் செத்ததையும் பதியாமல் விட்ட சனம் இருக்கிறது. காணியை மட்டும் யாரும் சும்மா விடுவதில்லை, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலும் காணிக் கடதாசி இருக்கும்.

உம்முடைய ஆட்களுக்கு இரண்டு விதக் காணி இருந்திருக்கும். ஒன்று உறுதிக் காணி, அதாவது நொத்தாரிசு உறுதி எழுதிய சொந்தக் காணி. மற்றது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. இரண்டையும் ஒரே இடத்தில் தேடினால் ஒன்றும் கிடையாது.

உறுதி என்றால், எரிந்து போனதே என்று உட்கார வேண்டாம். நொத்தாரிசு உறுதி எழுதினால் ஒரு பிரதியை மாதாமாதம் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நீர் தொலைத்தது உம்முடைய பிரதியை. அங்கே போய்த் தோம்பு எடுப்பது என்று சொல்வார்கள், அதாவது அந்தக் காணியின் பேரில் நடந்த கைமாற்றங்களைப் பதிவேட்டில் பார்த்து எடுப்பது. (ஒல்லாந்தர் எழுதிய உண்மையான தோம்பு, அதாவது அவர்களின் காணிப் பதிவேடு, கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கிறது. வன்னி அந்தக் காலத்தில் வன்னியர்மார் என்ற குறுநிலத் தலைவர்கள் யானையைத் திறையாகக் கட்டிய நாடு, ஆகவே வன்னிக் காணிக்கு அதை நம்பிப் பயணம் கட்ட வேண்டாம்.) ஊரும் காணியின் பெயரும் தெரிந்தால் போதும். இன்ன புளியடி, இன்ன வளவு என்று காணிக்கு ஒரு பெயர் இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். ஆளின் பெயரை மட்டும் கொண்டு போனால் எழுத்தர் உம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

இனி உறுதியை எப்படி வாசிப்பது. எல்லோரும் விலையையும் பரப்பையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நீர் "எனக்கு இன்ன ஆண்டு இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி உரித்தாயுள்ளதும்" என்று வரும் வரியைப் பாரும். அதில் முந்திய உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் எல்லாம் இருக்கும். அதை எடுத்தால் அதற்குள் அதற்கு முந்தியது. கிணற்றுக் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டே போகலாம். சீதன உறுதி கிடைத்தால் தங்கம் என்று வையும். தாய், தகப்பன், மகள், மருமகன் நான்கு பேரும் ஒரே கடதாசியில். ஆண்வழியையே தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையில் காணி பெண்பிள்ளையோடு போகிறது, அவளை விட்டுவிட்டுத் தேடினால் பாதிக் குடும்பம் காணாமல் போய்விடும்.

அடுத்தது எல்லை. "கிழக்கு இன்னாருக்கும் பங்காளருக்கும் உரிய காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாரின் பெண்சாதி இன்னாருக்கு உரியது" என்று நாலு பக்கமும் ஆள் வரும். ஒரு தகப்பனின் முதுசக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் பக்கத்துக் காணிக்காரன் யார்? சகோதரன்தான். எத்தனையோ பேருக்குப் பெயர் தெரியாத பெரியப்பாவை நான் எல்லையில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பங்கு வழக்கு ஏதும் நடந்ததா என்றும் ஊரில் விசாரியும். காணியைப் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போட்டால் வழக்காளி வம்சாவளியை எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகவே உம்முடைய மருமகள் வரைகிற மரம் நீதிமன்றக் கோவைக்குள் ஏற்கெனவே வரைந்து கிடக்கக்கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பங்கு குறையாமல் இருக்க ஒரு சகோதரத்தை மறந்துபோன வம்சாவளிகளையும் நான் கண்டிருக்கிறேன். எதிராளி கொடுத்த மறுமொழியையும் சேர்த்து வாசியும்.

பெர்மிட் காணி வேறு கதை. அது 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. காணிக் கச்சேரி வைத்து ஆட்களைத் தெரிந்து கொடுத்தார்கள். அதன் கோவை பிரதேச செயலகத்தில் காணிக் கிளையில் இருக்க வேண்டும். பெர்மிட்டில் பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணி யாருக்கு, என்று ஒரு கூடு இருக்கும், அதை யாரும் வாசிப்பதில்லை. உம்மிடம் இருப்பதில் அதைப் பார்த்தீரா?

இன்னொன்று. மாவட்ட எல்லைகள் மாறியதை மறக்க வேண்டாம். கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டம். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் கடைசியில், அதற்கு முன் பெரும்பகுதி வவுனியாவோடு. அந்தக் காலத்துக் கடதாசி அந்தக் காலத்து அலுவலகத்துக்குத்தான் போயிருக்கும். இங்கே இல்லை என்றால் எங்கேயும் இல்லை என்று அர்த்தம் இல்லை.

மடுவீதி:

அண்ணை, அப்பாச்சி பக்கத்துக்கு நான் சொல்கிறேன். என் தாய்வழியை இப்படித்தான் ஐந்து தலைமுறை பிடித்தேன்.

முதலில் உங்கள் அப்பாச்சியின் கோவில் எந்தப் பங்குக்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள பகுதிக்கு) கீழே இருந்தது என்று பாருங்கள். ஊரில் சின்னக் கோவில் இருக்கும், பதிவேடு அங்கே இருக்காது. பங்குக் குரு தங்கியிருந்த தாய்க்கோவிலில்தான் இருக்கும். மன்னார் மறைமாவட்டம் 1981 இல்தான் பிரிந்தது, அதற்கு முன் எல்லாம் யாழ்ப்பாணம். இப்போதும் வவுனியா மன்னாரோடு, முல்லைத்தீவும் கிளிநொச்சியும் யாழ்ப்பாணத்தோடு. ஆகவே இரண்டு ஆயர் இல்லங்களுக்கும் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் ஐந்து வருட எல்லைக்குள் ஒரு பிறந்த ஆண்டைச் சொல்லுங்கள். "பழைய காலம்" என்று எழுதினால் யாரும் தேட மாட்டார்கள், பாவம், அவர்களுக்கும் ஞாயிறு பூசை இருக்கிறது.

ஞானஸ்நானப் பதிவில் பிள்ளை, தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் இருப்பார்கள். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் மாமன், மாமி, பெரியம்மா முறைதான், அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள், பிறகு வேறொரு பக்கத்தில் வந்து நிற்பார்கள். பழைய பதிவு இலத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், ஒரே வசனம்தான் திரும்பத் திரும்ப வரும். பெயரில்தான் சிக்கல். வீட்டில் செல்லம்மா, பதிவேட்டில் மரிசலீனா. என் பாட்டியை இரண்டு வருடம் வீட்டுப் பெயரில் தேடினேன்!

கலியாணப் பதிவைத் தவறவிட வேண்டாம். நாங்கள் மச்சான் மச்சாளைக் கட்டுகிற சனம். சபைச் சட்டத்தில் அது விலக்கு, ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியில் மாப்பிள்ளையும் பெண்ணும் எத்தனையாவது தலைமுறையில் உறவு என்று எழுதியிருக்கும். அதை வைத்து ஒரே அடியில் இரண்டு தலைமுறை மேலே ஏறலாம். 1908 இற்குப் பிறகு, கட்டியவரின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே கலியாண விபரத்தைக் குறிக்க வேண்டும் என்று உரோமாபுரியிலிருந்து சட்டம் வந்தது. உங்கள் அப்பாச்சியின் ஓரம் வெறுமையாக இருந்தால், கோவிலுக்கு வெளியே கட்டினார் என்ற கதை சரி என்று வையுங்கள்.

சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) நவம்பர் 2 ஆம் திகதி போங்கள், வேறு நாளில் போனால் ஆடு மாடுதான் நிற்கும். அன்று ஆத்துமாக்கள் திருநாள், குடும்பம் குடும்பமாக வந்து புல்லுச் செருக்கி, வெள்ளை அடித்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். மரச் சிலுவை எப்போதோ கறையான் அரித்துப் போயிருக்கும், பெயர் இல்லாத மண்மேடுதான் மிச்சம். ஆனால் ஒரு கிழவி வந்து அந்த மேட்டில் ஒரு திரியை வைத்துவிட்டுப் போவார். அவரிடம் கேளுங்கள். கல் இருந்து எழுத்துத் தேய்ந்திருந்தால் கம்பித் தூரிகையால் உரஞ்ச வேண்டாம், கல் பொரிந்துவிடும். பின்னேரம் இருட்டுப்பட டோர்ச்சைக் கல்லோடு சாய்த்துப் பக்கவாட்டில் அடியுங்கள். எங்கள் பூட்டியின் கல்லில் பகலில் வெறும் சுண்ணாம்புதான் தெரிந்தது. டோர்ச் வெளிச்சத்தில் "இன்னாரின் பாரியார்" என்ற வரி மெல்ல எழும்பி வந்தது, ஷெல் துண்டு பட்ட இடத்தில் மட்டும் இரண்டு எழுத்து இல்லை.

பனிக்குள் பனை:

அண்ணை, நான் பிலடெல்பியாப் பக்கம் இருக்கிறேன். உங்கள் மருமகளின் பதினொரு தலைமுறையைப் பார்த்துக் கூச வேண்டாம். அந்தச் சபையின் பழக்கம் அப்படி.

அந்தக் காலத்துக் குவேக்கர்களிடம் சம்பளக் குருமார் இல்லை, எல்லா அலுவலையும் மாதக் கூட்டத்தில் இருந்து பேசித் தீர்த்துக் கொப்பியில் எழுதினார்கள். ஆண்களுக்கு ஒரு கூட்டம், பெண்களுக்கு ஒரு கூட்டம், இரண்டுக்கும் தனிக் கொப்பி. ஒரு குடும்பம் ஊர் மாறினால் பழைய கூட்டம் புதிய கூட்டத்துக்கு ஒரு பெயர்வுச் சான்று எழுதிக் கொடுக்கும். நாங்கள் இடம்பெயர்ந்தபோது கிராம சேவகரிடம் கடிதம் வாங்கினோமே, அது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் இரண்டு பக்கத்துக் கொப்பியையும் கட்டிக் காத்தார்கள். சபைக்கு வெளியே கட்டினால் தள்ளி வைப்பார்கள், அதையும் எழுதி வைப்பார்கள், ஆகவே தள்ளி வைத்தவனின் பேரப்பிள்ளை இன்றைக்கு அதை வைத்தே அவனைக் கண்டுபிடிக்கிறது. கலியாணத்துக்கு வந்தவர்கள் சாட்சியாகச் சான்றிதழில் கையெழுத்து வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குச் சமம் கலியாண வீட்டுக் கொப்பி. யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதுவோமே, அது யார் வீட்டிலாவது கிடந்தால் எறிய விடாதீர்கள்.

கல்லறையில் மட்டும் அவர்களும் எங்களைப் போலத்தான். கல் வைப்பது பெருமை என்று பழைய குவேக்கர்கள் வைக்கவே இல்லை, பிறகு வைத்தாலும் தாழ்ந்த சின்னக் கல். ஆகவே மருமகள் அடக்கப் பதிவேட்டில் பிடித்திருப்பாள். பழைய கொப்பிகளில் பெரும்பங்கு இங்கே ஸ்வார்த்மோர், ஹாவர்போர்ட் என்ற இரண்டு கல்லூரிகளில் இருக்கிறது. ஹின்ஷா என்பவர் 1936 இலிருந்து தொகுதி தொகுதியாக அவற்றின் சுருக்கத்தை அச்சில் போட்டுவிட்டார். அப்படி ஒரு மனிதர் எங்களுக்கு வாய்க்கவில்லை.

அவளோடு பேச ஒரு விஷயம் சொல்கிறேன், சந்தோஷப்படுவாள். மாதப் பெயர்கள் பிற தெய்வங்களின் பெயர் என்று குவேக்கர்கள் முதலாம் மாதம், இரண்டாம் மாதம் என்றே எழுதினார்கள். 1752 இற்கு முன் அவர்களுக்கு முதலாம் மாதம் என்றால் மார்ச். இதைத் தெரியாமல் ஜனவரி என்று எழுதி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். மரத்தில் சரியாகப் போட்டிருக்கிறாளா என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

நந்திக்கடல்:

திகதிச் சிக்கல் எங்களுக்கும் இருக்கிறதே. அப்பப்பாவின் சாதகம் கிடைத்து அதில் விரோதி வருடம் என்றிருந்தால் அது 1889ஓ 1949ஓ 2009ஓ, அறுபது வருடத்துக்கு ஒருதரம் திரும்பி வரும். பிள்ளையின் வயதோடு பொருத்திப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சைவப் பக்கத்தில் எரித்துவிடுகிறோம், ஆகவே கல்லறை கிடையாது. கல்வெட்டு இருக்கிறது. கல்லில் இல்லை, இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற புத்தகத்தைச் சொல்கிறேன். அதில் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன், இன்னாரின் மருமகன் என்று வெண்பா விருத்தம் எல்லாம் வைத்துப் பாடியிருப்பார்கள். பாட்டு எப்படியும் இருக்கட்டும், உறவு முறை சரியாக இருக்கும், பிழை விட்டால் செத்த வீட்டிலேயே சண்டை வந்துவிடும். நூலகம் இணையத் தளத்தில் ஏராளமான நினைவு மலர்கள் ஏற்றியிருக்கிறார்கள், ஊர்ப் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் என்கிறீர்கள். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் உங்கள் குடும்பத்துக்கு ஏதாவது உபயம் (பூசை, திருவிழாச் செலவைப் பொறுப்பெடுப்பது) இருந்ததா? உபயம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது, அதைப் பற்றி நினைவு வைத்திருக்கிறவர்கள் காணியை விடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

ஊரின் பழைய நிலை தெரிய ஜே. பி. லூயிஸ் எழுதி 1895 இல் வந்த வன்னிக் கையேட்டைத் தேடி எடுங்கள். உங்கள் பூட்டன் அதில் இருக்க மாட்டார், அவர் காலத்துக் குளமும் காய்ச்சலும் இருக்கும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: வன்னியின் கடைசி மன்னன் என்கிற பண்டாரவன்னியனில் போய் முடிக்க வேண்டாம். வன்னியில் மரம் வரைகிற எல்லோரும் கடைசியில் கற்சிலைமடுவில் இருக்கிற அவரின் நினைவுக் கல்லடியில்தான் போய் நிற்கிறார்கள்.

எழுபத்தேழு:

வாசித்துக்கொண்டு போக ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் குடும்பம் 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறியது. எங்களுக்குத் தோம்பும் இல்லை, சீதன உறுதியும் இல்லை, தோட்டத்து லயத்துக்கு ஏது எல்லை. எனக்குக் கிடைத்த ஒரே கடதாசி 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாத்தா குடியுரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பத்தின் பிரதி. பெண்சாதி, பிள்ளைகள், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம், எல்லாம் அதில் இருக்கிறது. கேட்டது கிடைக்கவில்லை, குடும்ப மரம் கிடைத்தது. என்னைப் போன்றவர்கள் யாராவது இருந்தால் வீட்டில் அந்தக் கடதாசியைத் தேடுங்கள்.

குளக்கட்டான்:

எல்லோருக்கும் நன்றி. தோம்புக்கார ஐயா கேட்டாரே என்று நேற்று இரவு டின்னைத் திறந்தேன். நாற்பது வருடமாக வீட்டில் கிடக்கிற கடதாசி, யாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பின்னுரித்தாளர் கூட்டில் முதலில் ஒரு பெண்ணின் பெயர் எழுதி, ஒரு கோடு போட்டு வெட்டி, அதற்கு மேல் அப்பாவின் பெயர். வெட்டிய கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கையொப்பம். உறவு என்ற இடத்தில் மகள் என்று இருக்கிறது. அப்பப்பாவுக்கு மகள் இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது மூத்தவ. அவ வேதத்துக்காரரைக் கட்டிக்கொண்டு போனவ" என்றார். (கத்தோலிக்கரைத்தான் அப்படிச் சொல்கிறார்.) அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். அப்பாச்சி அந்தப் பக்கத்திலிருந்து வந்தார், மாமி அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார் போல.

மடுவீதித் தங்கச்சி, 2 ஆம் திகதிக்கு வருகிறேன். இப்போது இரண்டு பெயரைத் தேட வேண்டும். மருமகளிடம் முதலாம் மாத விஷயத்தைக் கேட்டேன், மூன்று இடத்தில் ஜனவரி என்று போட்டுவிட்டாளாம், மட்டையைத் திருப்பி வைத்து அழிறப்பரோடு இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெட்டி கூட்டச் சொல்லியிருக்கிறேன்.